மாப்பிள்ளை அழுத அனிமே

ராத்தாவை, அதாவது என் அக்காவைக் கட்டிய மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்த அந்த வாரமே கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். அஸர் தொழுதுவிட்டு அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோன உம்மா, கதவில் தட்டக் கையை ஓங்கியவர் அப்படியே நின்று கேட்டிருக்கிறார். பிறகு கோப்பையோடு குசினிக்குத் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்பிள அழுறாரு," என்றார் மெதுவாக. "விம்மி விம்மி அழுறாரு. நாம என்ன குறை வெச்சம்?"

உம்மா ஏன் இப்படிக் கேட்டார் என்பது இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். கல்முனையில், சாய்ந்தமருதில், அதற்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர்களில் எல்லாம் கலியாணம் முடிந்து பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். ராத்தாவுக்குக் கலியாணம் எழுதிய அன்றே நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு அவளுடையதாகிவிட்டது. பின்வளவில் எனக்கென்று கட்டப்படும் வீட்டுக்குக் கூரை ஏறும்வரை உம்மாவும் வாப்பாவும் நானும் அவள் வீட்டில் ஒண்டிக் குடித்தனம்.

வருகிற மாப்பிள்ளையைப் பாருங்கள். நேற்றுவரை உம்மாவின் மகனாக இருந்தவர், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத பெண்கள் நிறைந்த வீட்டில் வந்து குடியேறுகிறார். அவர் முகம் கோணக் கூடாது என்பதுதான் எங்கள் வீடுகளின் முதல் சட்டம். ஏசி உள்ள நல்ல அறை அவருக்கு. பாரை மீனில் நடுத்துண்டு அவருக்கு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சற்றுச் சாய்ந்தால் வீட்டில் மிக்ஸி ஓடாது, தும்மல் வந்தால்கூட வளவுக்குப் போய்த்தான் தும்ம வேண்டும். நான் மச்சானுக்கு அந்நியப் பெண், அதனால் என் தலையில் எந்த நேரமும் முக்காடு. சொந்த வீட்டு விறாந்தையில் துள்ளித் திரிந்தவள் சுவரோரமாகப் பூனை நடை நடந்தேன். எனக்கு வந்த எரிச்சலைக் கேட்கவே வேண்டாம். அந்த ஏசி அறை அதுவரை என்னுடையது!

அந்த அறையில்தான் நான் அனிமே ரசிகையானேன்.

ஜப்பானில் வரைந்து எடுக்கும் தொடர்களைத்தான் சொல்கிறேன். உம்மாவுக்கு அது எல்லாமே காட்டூன். கலியாண வயதில் பெண்பிள்ளை காட்டூன் பார்க்கிறாள் என்று வெளியில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவர் பயந்தார், நானும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தேன். கொரோனா ஊரடங்கில் பாடசாலைகள் பூட்டியபோது என்னுடைய ஒன்லைன் வகுப்புகளுக்காக வாப்பா வைஃபை போட்டுத் தந்தார், ஒரு போனும் வாங்கித் தந்தார். உயர்தரப் பரீட்சை எழுதினேன். அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை ஒரு யுகம் காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்பிள்ளை, வெளியே சுற்ற முடியாது. அறை இருந்தது, கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இருந்தது. நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

ஒரு காலத்தில் நான் பெரிய ரசனைக்காரி என்றும் அந்த ரசனைதான் என்னை அங்கே கொண்டுபோனது என்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கல்முனை டியூஷன் வகுப்பில் மற்ற ரசிகைகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெருமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாண்டிருப்புச் சிநேகிதியின் அப்பா வெளியூரில் அரசாங்க உத்தியோகம், அம்மா ஆஸ்பத்திரியில் வேலை. பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் டிஷ் டிவியில் தமிழில் பேசிய அனிமே பார்த்து வளர்ந்தவள் அவள். இன்னொருத்தி சின்ன வயதில் சிங்களத்தில் பேசிய காட்டூன்களைப் பார்த்தே சிங்களம் படித்துவிட்டாள், அவளுடைய வாப்பா கொழும்பில் வியாபாரம். எங்கள் தெருப் பொடியன்களில் கடற்கரையில் கிரிக்கெட் ஆடுகிறவன் ஒருவனுக்கும் இதில் நாட்டமில்லை. ஆஸ்துமா என்று தாய் வெளியே விடாத ஒருவன் மட்டும் எங்களைவிடப் பெரிய பைத்தியம். வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவள் பின்னேரம் தாயோடு அப்பம் சுட்டு விற்பவள். ஒரு தொடரையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை, நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்டே எல்லாக் கதையும் அவளுக்குப் பாடம். எந்தக் கதை யாருக்குப் பிடிக்கும் என்பது பிறகு. முதலில் உட்கார்ந்து பார்க்க யாருக்கு வாய்க்கிறது?

ராத்தாவுக்கு வாய்க்கவில்லை. அவள் என்னைவிடச் சில வயதுதான் மூத்தவள். அவள் படித்த காலத்தில் வீட்டில் இருந்தது வாப்பாவின் போன் ஒன்றுதான், அது வாப்பாவோடு கடைக்குப் போய்விடும். வைஃபை வந்தபோது அவள் படித்து முடித்துக் கலியாணத்துக்கு இருக்கும் பிள்ளையாகியிருந்தாள். அப்படி என்றால் குசினிப் பிள்ளை என்று அர்த்தம். நான் அறைக்குள் அழுது சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பகல்களில் எனக்குச் சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தவள் ராத்தா.

மச்சானின் அழுகைக்கு வருவோம். உம்மா பக்கத்து வீட்டிலிருந்து தன் தங்கையை, எங்கள் சாச்சியைக் கூப்பிட்டுவிட்டார். சாச்சி வந்தால் ஒரு விசாரணைக் குழுவே வந்த மாதிரி.

"கட்டில் சத்தம் போடுதோ? ஏசி குளிர் கூடவோ?" என்று தொடங்கினார். "மாப்பிள்ளட ஊர்ல, அட்டாளச்சேனையில, மீன் ஆணத்துக்குப் புளி கூட விடுவாங்க. நீங்க விட்டீங்களா?"

உம்மா புளியைக் கூட்டினார். மறுநாள் தலையணை மாறியது. ஆட்டிறைச்சி வந்தது, வட்டலப்பம் வந்தது. மச்சான் எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார், "நல்லா இரிக்கி மாமி," என்றார், அறைக்குப் போனார், கதவைப் பூட்டினார். அன்று பின்னேரமும் விம்மல் சத்தம். ராத்தா குசினியில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் அழுகிறார் என்பதையும் சாச்சி கண்டுபிடித்துவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாச்சியா நிறுத்துவார்? "வெளிநாட்டில, கட்டார்ல, அத்தின வருசம் இரிந்த மனிசன். அங்க யாரையும் நினைச்சு அழுறாரோ, யாருக்குத் தெரியும்?"

ராத்தா அம்மியடியில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டும் கேட்காதவள் போல அரைத்ததையே திரும்ப அரைத்தாள். அன்று மாலை கிணற்றடியில் என்னிடம் மட்டும் கேட்டாள்.

"என்னப் புடிக்கல்ல எண்டா சொல்லலாந்தானேகா? ஏன் அழணும்?"

என் ராத்தாவைப் பிடிக்காமல் போகிற ஆளும் இருக்கிறாரா? அந்தக் கதவை உதைத்துத் திறந்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. முக்காட்டை இறுக்கிக்கொண்டு சும்மா இருந்தேன்.

வாப்பா அதிகம் கதைக்காதவர். கடையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அட்டாளைச்சேனைக்குப் போய் மாப்பிள்ளையின் வாப்பாவைக் கண்டு கதைப்பதாக முடிவு சொன்னார். அது சின்ன விடயம் இல்லை. மாப்பிள்ளை அழுகிறார் என்று பெண்ணின் தகப்பன் சம்பந்தி வீட்டுப் படியேறினால், அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கூடுவார்கள், இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கூடுவார்கள். இரண்டு ஊர் வாயிலும் ராத்தாவின் பெயர் அரைபடும். இல்லாத பிணக்கு ஒன்று உண்டாகி, புதுக் குடும்பம் அதிலேயே உடைந்துபோகலாம். அப்படி உடைந்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, மச்சான் வழமைபோல அறைக்குள் போனார். வாப்பா வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார். சாச்சி ஏற்பாடு செய்த ஆட்டோ தெருவில் இரைந்துகொண்டு நின்றது. சாச்சியும் கூடப் போவதாக உடுத்து வந்திருந்தார். உம்மா என் கையில் ஒரு தட்டைத் தந்து, மாம்பழம் வெட்டி வைத்திருக்கிறது, கதவடியில் வைத்துவிட்டு வா என்றார். எல்லாரும் கவலையில் இருக்கும்போதும் மாப்பிள்ளைக்கு மாம்பழம் போக வேண்டும்!

கதவடியில் குனிந்தேன். உள்ளே ஒரு முரசு சத்தம்.

முதலில் மூன்று அடி, ஓர் இடைவெளி, பிறகு குழல். எனக்கு முழங்கை வரை மயிர் கூச்செறிந்தது. அந்த முரசை எனக்குத் தெரியும்! எத்தனை பின்னேரங்கள் அதே அறையில், அதே கட்டிலில் அதைக் கேட்டிருப்பேன்! பனிமலையில் ஒரு கோட்டை, வெளியே அரக்கர் படை, உள்ளே அணைந்தால் கோட்டையே விழுந்துவிடும் என்று ஓர் அடுப்பு. அந்த அடுப்பைக் காக்கிற பெண் ஒருத்தி. கடைசிக்குக் கிட்டிய அத்தியாயத்தில் அவள் அடுப்பை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டுப் பனிக்குள் நடந்து போவாள். அப்போதுதான் குழல் வரும். அந்த இடத்தில் அழாதவருக்கு நெஞ்சுக்குள் கருங்கல் என்று எங்கள் டியூஷன் வகுப்பே தீர்ப்பளித்திருக்கிறது. இதோ கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர், என் மச்சான், அதே இடத்தில் மூக்கை உறிஞ்சுகிறார்!

தட்டைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று தெரியாது. குசினிக்கு ஓடினேன். ராத்தா சோற்றுப் பானை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ராத்தா! ராத்தா! மச்சான் உங்களால அழல்ல!"

"மறுகா? வேற யாரால?"

"ஒரு பொம்பளப் புள்ளைக்காக அழுறாரு!"

சந்தோஷத்தில் என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ராத்தாவின் கையிலிருந்த பானை தொட்டிக்குள் விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ இல்ல ராத்தா! வரைஞ்ச புள்ள! காட்டூன் புள்ள!" போனை எடுத்து அந்தப் பெண்ணின் படத்தை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இவதான். நானும் இவவுக்கு அழுதனான். தலவலி எண்டு படுத்திரிந்தேனே, அண்டைக்கு."

ராத்தா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்த முழிக் கண்ணிக்கா? ஒரு ஆம்பிளயா?"

"போய்க் கேளுங்க. அடுப்பக் குடுத்திட்டுப் போற இடமா எண்டு மட்டும் கேளுங்க. கெதியாப் போங்க, வாப்பா ஆட்டோவில ஏறப் போறாரு!"

ஈரக் கையை முக்காட்டுத் தாவணியில் துடைத்துக்கொண்டு ராத்தா போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்து மூடியது. முரசு சட்டென்று நின்றது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். உள்ளே ராத்தாவின் குரல். வெளியே ஆட்டோவின் இரைச்சல் கூடியது. இனி ஓடிப்போய் ஆட்டோவுக்கு முன்னால் படுத்துவிட வேண்டியதுதான் என்று நான் யோசித்த நேரம், உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கலியாணம் முடிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. ராத்தாவின் சிரிப்பு!

கதவைத் திறந்துகொண்டு அவள் வாசலுக்கு ஓடினாள். "வாப்பா! போக வாணாம்! இறங்குங்க!"

"அப்ப ஏன் மகள் அவரு அழுத?"

"நாடகம் பாத்து அழுதிரிக்காரு வாப்பா. ஜப்பான் நாடகம். நாம அறிஞ்சா, வளராத புள்ளைக்குப் பொண்ணக் குடுத்திட்டம் எண்டு நினைப்பம் எண்டு வெட்கத்தில கதவப் பூட்டிக்கிட்டு, காதில இயர்போன் மாட்டிக்கிட்டு இரிந்தாராம். இண்டைக்குத்தான் மாட்ட மறந்திட்டாராம்."

நான் உம்மாவைத்தான் பார்த்தேன், காட்டூன் என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று. உம்மா நெஞ்சில் கை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். எங்கள் உம்மா டிவி நாடகத்தில் மாமியார் கொடுமை வந்தால் முந்தானை நனைய அழுகிறவர். "நாடகத்துக்கு அழுற மனிசன் பொண்டாட்டிய அழ வைக்க மாட்டாரு," என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டார். சாச்சிக்குத்தான் ஏமாற்றம். உடுத்தது வீணாகக் கூடாது என்று அதே ஆட்டோவில் கல்முனைச் சந்தைக்குப் போய் வந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு தலைவலி. வீட்டுக்குள்ளேயே ஒரு ரசிகர்! ஆனால் அவரோடு உட்கார்ந்து கதைக்க முடியாது. மச்சானும் மச்சினியும் நேருக்கு நேர் இருந்து அரட்டை அடிப்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. இதற்கு வழி கண்டுபிடித்தது ராத்தாதான். விறாந்தைக்கும் அறைக்கும் நடுவே அவள் தூது போனாள், அகப்பையும் கையுமாக.

"கோட்டைத் தலைவன் துரோகிதானே எண்டு கேளுங்க ராத்தா."

போய் வருவாள். "இல்லையாம். அவன்ட இடத்தில யாரு இரிந்தாலும் அதத்தான் செய்வாங்களாம்."

"என்ன கத இது! அவனாலதானே வடக்கு வாசல் உடைஞ்ச எண்டு சொல்லுங்க!"

"வடக்கு வாசல் எப்பகா உடைஞ்ச?" என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போவாள். கொஞ்ச நாளில் நாங்கள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினாள். எங்கள் இருவரின் வாதத்திலும் மூன்றாவதாக ஒரு கட்சி உருவாகிவிட்டது.

மச்சான் ரசிகரான கதையும் ராத்தாவின் வாய்வழியாகத்தான் வந்தது. கட்டாரில் கம்பனி அறை, கட்டிலுக்கு மேல் கட்டில். கீழ்க் கட்டிலில் ஒரு பிலிப்பைன்காரர். லீவு நாளில் வெளியே நெருப்பு வெயில், போக ஓர் இடமுமில்லை. அவருடைய போனைத் தலையணையில் சாய்த்து வைத்து இருவருமாகப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. "ஆனா அழுற இடத்தில ரெண்டு பேரும் ஒண்டா அழுவாங்களாம்," என்றாள் ராத்தா. வீட்டை விட்டு வெகுதூரம் போய் அவர் ஓர் அறைக்குள் அடைபட்டார், வீட்டை விட்டு வெளியே போகாமல் நான் ஓர் அறைக்குள் அடைபட்டேன். இரண்டு அறைக்குள்ளும் ஒரே முரசு! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

ஒரு நாள் பகல் ராத்தா தூது போகாமல் அறைவாசலிலேயே நின்றாள். அங்கிருந்தால் இருவருக்கும் கேட்கும்.

"எனக்கொண்டு விளங்கல்ல. அந்த அடுப்படிப் புள்ள, அவள் எப்ப சாப்பிடுறாள்?"

நான் யோசித்தேன். வீரர்கள் சாப்பிடுவது ஞாபகம் வந்தது. கிண்ணங்களில் ஆவி பறக்கும், அழகாக வரைந்திருப்பார்கள். தலைவன் சாப்பிடுவான், காவல்காரன் சாப்பிடுவான், குதிரைக்குக்கூட ஒரு காட்சி உண்டு. அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. உள்ளே மச்சானும் யோசித்திருக்க வேண்டும். அவளுக்காக இத்தனை தரம் அழுத எங்கள் இருவருக்கும் இந்தக் கேள்வி வந்ததேயில்லை.

கடைசியில் மச்சானின் குரல் வந்தது. "நீங்களே இரிந்து பாருங்களன். முதல்லயிரிந்து போடுறன்."

"ஆணம் அடுப்பில," என்றாள் ராத்தா.

நான் அவள் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கிக்கொண்டேன். "நான் பாக்கிறன். நீங்க போங்க ராத்தா!"

அவள் கட்டில் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவள் போல உட்கார்ந்தாள். முதல் அத்தியாயத்தின் முரசு தொடங்கியது. நான் குசினியில் ஆணத்தையும் கிண்டிக்கொண்டு, மறு அடுப்பில் மீனையும் பொரித்துக்கொண்டு, ஒரு காதை அறைப் பக்கம் வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து விம்மல் சத்தம் வந்தது. உம்மா பதறிப்போய் ஓடி வந்தார்.

"இப்ப யாரு அழுற?"

"ராத்தா."

"என்னத்துக்கு?"

"விடுங்க உம்மா," என்றேன். "பாக்கட்டும்."

அத்தியாயம் முடிந்து ராத்தா அறைவாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. பழக்கத்தில் மூக்கு தானாகவே குசினிப் பக்கம் திரும்பியது.

"மீன் கருகுதுகா," என்றாள். குசினிப் பக்கம் ஓரடி எடுத்தும் வைத்தாள். அந்த நேரம் பின்னால் முரசு அடித்தது. ராத்தா நின்றாள், என்னைப் பார்த்தாள், திரும்பி அறைக்குள் போய்க் கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"கருகட்டும்," என்ற அவள் சத்தம் குசினிவரை கேட்டது.